படுத்துச் சுடுறவருக்கு ஏற்ற துவக்கு

"படுத்துச் சுடுறவைக்கு உந்தக் கறுத்த துவக்கு சரிவராதாம், அண்ணை."

லோரன்ஸ் வீதி பஸ்ஸில் எனக்கு முன்சீற்றில் இருந்த இருவரில் இளையவர் சொன்னார். அவர் மடியில் துவக்குக் கடையின் விலைப்புத்தகம் விரிந்து கிடந்தது. வெக்ஸ்போர்ட் தரிப்புத் தாண்டியும் நான் ஜன்னலைப் பார்ப்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நீ எப்பயடா படுத்துச் சுட்டனீ? துவக்கைக் கையாலையும் தொட்டதில்லையே."

"துவக்குக் கிளப்பிலை பொழுதுபோக்குக்குக் குறிமட்டையைச் சுடத்தானே கேட்டனான். உந்தக் கறுத்தது பிஸ்ரல் குண்டு போடுற கட்டைத் துவக்கு. பாக்க ஆமிக்காரன்ரை மெசின்கன் மாதிரி நல்ல எடுப்பு. கடைக்காரன் அதின்ரை போல்ற்றை ஒருக்கா இழுத்துக் காட்டினான். சத்தம் கேட்டதுதான், ஊரிலை சண்டை நேரம் மாதிரி நான் நிலத்திலை குப்புறப் படுத்திட்டன்."

"கனடா வந்து ஏழு வருசமடா."

"முழங்காலுக்கு அது தெரியேல்லை, அண்ணை. ஆனா அவன் சிரிக்கேல்லை. நான் படுத்துக் குறிபாக்கிறன் எண்டு நினைச்சிட்டான். உதின்ரை குண்டு அடுக்கிற நீட்டு மகசீன் நிலத்திலை முட்டும், கட்டை மகசீன் போட்ட மரப்பிடித் துவக்கை எடுங்கோ எண்டான். எழும்பின வெக்கத்திலை நானும், ஓம், எப்பவும் படுத்துத்தான் சுடுறனான் எண்டிட்டன்."

மூத்தவர் விலைப்புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"அது கடை. கிளப்பிலை பக்கத்திலை நிக்கிறவன் சுட்டால் என்ன செய்வாய்?"

"அதுக்குத்தானே மரப்பிடியை எடுக்கிறன், அண்ணை. அவன் சுடேக்கை நான் முதலே படுத்திருப்பன்."