எழுதாமல் விட்ட பெயர்

தலைமை ஏற்று இச்சபைக்குத் தகைமை சேர்க்கும் பெருமதிப்பிற்குரிய சண்முகராஜா அவர்களே! வணிகத்தில் நேர்மையும் வாக்கில் இனிமையும் வாய்த்த பெரியவர் ஜாபிர் அவர்களே! அப்புத்தளை மேட்டிலிருந்தும் ஹல்துமுல்லைச் சரிவிலிருந்தும் கால்நோக நடந்து வந்திருக்கும் தோட்டத்துத் தோழர்களே! மடியில் மழலையும் மனத்தில் மலையளவு கவலையுமாய் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! அனைவரையும் வணங்குகிறேன்.

வாழ்த்திப் பேச வரவில்லை. வருந்திப் பேச வந்தேன். பிறர் பிழையை அல்ல, என் பிழையைப் பேச வந்தேன்.

வைரவநாதனாகிய நான் இந்தப் பதுளையில் நிலப் பத்திரங்களுக்குச் சட்ட ஒப்பமிடும் ஒரு நொத்தாரிசின் கந்தோரில் காணி உறுதி எழுதும் கிளாக்கர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டாம் ஆண்டு ஆவணியில் வீரய்யா என்பவன் என் மேசைமுன் வந்து நின்றான். அவனும் பூவம்மாவும் பதினோராண்டு தோட்டத் தொழிலாளர் லயத்தில் ஒரே அறையில் ஒன்றாக வாழ்ந்தவர்கள். இருவர் உழைப்பிலும் பண்டாரவளைப் பக்கம் ஒரு துண்டு நிலம் வாங்கி முட்டைக்கோசு பயிரிட்டார்கள். உறுதியிலோ அவன் பெயர் மட்டுமே இருந்தது.

"தாலி கட்டியிருக்கலாமே" என்று அங்கே ஒரு குரல் கேட்கிறது. கட்ட விட்டோமா ஐயா? சாதி வேறென்று தடுத்தவன் அவன் கூடப்பிறந்த அண்ணன். அந்தத் தடைக்குத் தலையாட்டியது யார்? நீங்களும் நானும் அல்லவா?

வீரய்யா கேட்டான்: "எனக்கு ஒண்ணு ஆயிட்டா நெலம் பூவம்மாவுக்குத்தாங்க சேரணும். அதுக்கு ஒரு கடுதாசி எழுதிக் குடுங்கய்யா."

மரண சாசனம்! இரண்டு சாட்சிகள், நொத்தாரிசின் ஒரு கையெழுத்து, ஒரு மணி நேர வேலை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? சிரித்தேன். "ஒனக்கென்ன சாகிற வயசா? தை பொறக்கட்டும், வா" என்றேன்.

தை பிறந்தது. வீரய்யா இல்லை. ஐப்பசியில் மலையெங்கும் பரவிய விஷக்காய்ச்சல் மூன்றே நாளில் அவனைக் கொண்டுபோயிற்று. காய்ச்சலுக்குப் பயந்து கிட்ட வராத அண்ணன், காரியம் முடிந்ததும் காணிக்கு வந்தான். வழக்கு நடந்தது. பூவம்மாவுக்காக வழக்காடிய பிரக்கிராசியார் அவளைத் தனியே அழைத்து, "கோயிலில் மாலை மாற்றினோம் என்று சொல் அம்மா" என்றார். நானும் அருகில் நின்று, "சொல்லிடு பூவம்மா" என்று கெஞ்சினேன்.

கூண்டில் ஏறினாள். "உனக்குக் கல்யாணம் நடந்ததா?" என்று கேட்டார்கள்.

"இல்லைங்க. சேந்து இருந்தோம். அவரு பேரைச் சொல்லிப் பொய் சத்தியம் பண்ண மாட்டேங்க."

அடுத்து என்னை அழைத்தார்கள். அவன் கேட்டதை நான் சொன்னேன். அதை நான் எழுதியிருக்கவில்லையே! வாயால் சொன்ன விருப்பத்தைச் சட்டம் ஏற்கவில்லை. உழைத்தவள் வெளியே போனாள். ஒதுக்கியவன் உள்ளே வந்தான். கோசு முற்றி அறுவடைக்கு நின்ற வாரம் அது, தாய்மார்களே! ஒன்றைக்கூட அவள் பறிக்க முடியவில்லை.

சென்ற மாதம் அப்புத்தளைப் பாதையில் அவளைக் கண்டேன். முதுகில் தேயிலைக் கொழுந்துக் கூடை. "என்னை மன்னித்துவிடு அம்மா" என்றேன். கூடையை இறக்காமலே சொன்னாள்: "மன்னிச்சு என்னங்கய்யா ஆகப்போகுது? இன்னொருத்தன் வந்து கேட்டா, அன்னைக்கே எழுதிக் குடுங்க."

நடந்து போய்விட்டாள். நான் நின்றுவிட்டேன்.

தோழர்களே! உங்களோடு வாழ்பவளை ஊர் என்ன பெயரிட்டு அழைத்தாலும் அழைக்கட்டும். அவள் வியர்வை விழுந்த நிலத்தின் உறுதியில் அவள் பெயரும் ஏறட்டும். காணி வாங்கும்போதே இருவர் பெயரிலும் வாங்குங்கள்! வாங்கிவிட்டீர்களா? மரண சாசனம் எழுதுங்கள்! நாளை காலை கந்தோர்க் கதவு திறந்திருக்கும். தை பிறக்கட்டும் என்று இனி எவருக்கும் இந்த வாய் சொல்லாது.

என் குற்றத்தைக் கடைசிவரை கேட்ட உங்கள் பொறுமைக்கு என் நன்றி. இல்லம் திரும்பும் உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.