கார் ஷெட்டும் கேட்டுச் சாவியும்

— இன்னாடி துர்கா, மறுபடியும் அந்தக் கம்ப்யூட்டர் படமா? டயலாக்கெல்லாம் எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு.

— ஒரு நிமிஷம் திலகா, இங்க பாரேன். ஊட்டுல வெச்சுக்கிற கம்ப்யூட்டரை மொத மொதல்ல கார் ஷெட்ல பண்றானுங்க இல்ல, அந்த ரெண்டு பசங்களுக்குப் பின்னாடி ஒரு பொண்ணு குந்திகினு சால்ட்ரிங் வெக்கிது பாரு.

— எது, காபி குடுத்துட்டுப் போவுதே, அதுவா?

— அது வேற. இது மூலையில. கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள போயிடும். கும்மிடிப்பூண்டி லைப்ரரில எடுத்தேனே, அந்தப் புக்குலயும் அப்டித்தான். போட்டோல நாலு பொம்பளைங்க வரிசையா குந்திகினு கம்ப்யூட்டர் போர்டு பண்றாங்க. கீழ பசங்க பேரு மட்டும்தான் போட்டுகீது.

— நம்ம போன் கம்பெனி லைன் மாதிரின்னு சொல்லு. நமக்கு மட்டும் பேரா கீது? பேட்ஜ் நம்பர்தான்.

— அத்தான் சொல்றேன். நாள் பூரா கேமரா மூடிய ஒட்டிக்கினே கீறோம். அந்த போனு உள்ள இன்னா நடக்குதுன்னு யாராவது சொல்லித் தந்தாங்களா? வேப்பம்பட்டுல புதுசா கம்பெனி ஆரம்பிச்ச பசங்க வேலைக்கு ஆள் கேக்கறாங்க, சொல்லித் தர்றேன்றாங்க. வயல் மோட்டாரை போன்லயே ஆன் பண்ற போர்டு. சர்க்யூட் வரையறதுலேர்ந்து கத்துக்கலாம். அவங்களும் கார் ஷெட்லதான் பண்றாங்க, பாரேன்.

— அந்தப் படத்துல அப்பன் கார வெளிய நிறுத்திக்கினு புள்ளைக்கு எடம் குடுக்கறான். உங்க நைனாவுக்குக் கார் ஏது? படகுதான கீது.

— படகக் கூட வுடமாட்டாரு. பழவேற்காட்டுல எந்தப் பொண்ணு படகு ஏறிச்சும்பாரு.

— அவங்க ஒரு ஆள்தான் கேட்டாங்களா?

— இப்போதைக்கு ஒரு ஆளு. நான் சேந்துக்கினா உன்ன இஸ்துக்கமாட்டேனா?

— படத்துலயும் ஒருத்தன் அப்டித்தான் சொன்னான். பாதிப் படத்துக்கு மேல அந்த இன்னொருத்தன் எங்க போனான்னே காணோம்.

— ஐயே, பேஜாரு பண்ணாத. இன்னிக்கு நான் போய் நிக்கலன்னா வேற ஆளப் பாத்துக்குவாங்க. அப்புறம் இந்தக் கம்பெனி, இந்த ரூமு, அப்டியே கல்யாணம். மூச்சு முட்டுதுடி.

— ஹாஸ்டல் வார்டன் மேரியம்மா போன் பேசிட்டாங்களா?

— கீழ பேசப் போய்கீறாங்க. அப்பா சரின்னு சொன்னாதான கேட்டுச் சாவி எடுப்பாங்க.

— உங்க மாமா கரெக்டா பேசுவாரா?

— எத்தினி வாட்டி பேசிகீறாரு. நல்லவேளை, சேரும்போதே அப்பா நம்பர்னு மணிகண்டன் மாமா நம்பரைக் குடுத்தேன். "அப்பாதான் பேசறேன், அனுப்புங்க மேடம்"னு தொண்டையக் கனைச்சிக்கினு சொல்லுவாரு. நைனாகிட்ட கேட்டா அவ்ளோதான், ஞாயித்துக்கெழமை ரூம்லயே கெடன்னுவாரு.

— நீ போய்ட்டா இந்த ரூம்ல நான் இன்னாடி பண்ணுவேன்? ஊட்டுக்குப் போனா அண்ணி மூஞ்சி. இங்க வந்தா ஜன்னல் கம்பி. உன்கூட ஒட்டிக்கினு படம் பாக்கறதுதான் எனக்கு லீவே.

— கொஞ்ச நாள்டி, பல்லக் கடிச்சிக்கினு இரு. என் துப்பட்டா எங்க? ட்ரெய்னு போய்டும், சென்ட்ரல்ல வேற மாறணும்.

— துர்கா.

— இன்னா?

— ஒண்ணுமில்ல. மேரியம்மா வர்றாங்க.

— வாங்க மேரியம்மா, சாவி கொணாந்தீங்களா?

— சாவி எதுக்குக் கண்ணு? உங்க அப்பா வேணாம்னுட்டாரு. வேப்பம்பட்டுன்னு சொன்னதுமே ஒரே கத்து. ஏசுவே, எனக்குக் காதே போச்சு.

— எங்க அப்பாவா? அவரு எப்பவும் சரின்னுதான சொல்வாரு?

— இத்தினி நாளா யார்கிட்ட பேசினேன்னு எனக்கே இப்ப தெரியல. வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம், பொட்டியக் கட்டி வெக்கச் சொல்லுங்க, வந்து கூட்டினு போறேன், பாத்து வெச்ச எடத்துலயே முடிச்சிடறேன்னாரு. கெளம்பிட்டாராம்.

— எந்த நம்பர்ல பேசினீங்க? எங்க நைனா நம்பரு உங்களுக்கு எப்டிம்மா கெடச்சிது?

— காலைல திலகவதி வந்து, அப்பா நம்பர் மாறிடுச்சின்னு எழுதிக் குடுத்துச்சே. நீதான அனுப்பி வெச்ச?

— திலகா?

— போவாதன்னு மட்டும்தான்டி சொல்வாருன்னு நெனச்சேன்.