கேட் மணி அடிக்கட்டும்

அவைத் தலைவர் அவர்களே! அறிவால் உயர்ந்த ஆன்றோரே! அடுப்பை அணைத்துவிட்டு ஓடோடி வந்திருக்கும் அன்னையரே! குரோம்பேட்டை ரயில்வே கேட்டில் நின்று நின்றே பொறுமை கற்ற பெருமக்களே! அஸ்தினாபுரத்து ஏகநாதனின் அன்பு வணக்கம்.

பயத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பயமே இல்லாதவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம்! அண்ணா, கையை இறக்குங்கள், அண்ணி பார்க்கிறார்!

நம் பட்டு அக்காவை அறிவீர்கள். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் அவர் வீடு. அந்தப் பக்கம் தங்கை கிளியம்மாள், இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கை. கூப்பிடு தூரம்தான்! ஆனால் ஒருநாள் கேட்டைத் தாண்டும்போது பாதியில் மணி அடித்து, மின்ரயில் உரசினாற்போல் போனதிலிருந்து அக்காவின் கால்கள் அங்கே நகர மறுத்தன. குறுக்கே கங்கையா ஓடுகிறது? கடலா கிடக்கிறது? இரும்புக் கம்பிகள்! தங்கை முகம் பாராமல் ஏங்கினார், அழுதார், மறுபடி ஏங்கினார்.

நாம் என்ன செய்தோம்? வேப்பிலை அடித்தோம், மந்திரித்த கயிறு கட்டினோம். மணிச் சத்தத்தில் அவர் நடுங்கியதுமே கணவர் சம்பந்தம், "வாணாம் பட்டு, வூட்டுக்குப் பூடலாம் வா" என்று கைபிடித்து அழைத்து வந்துவிடுவார். அன்புதான்! அந்த அன்புதான் பயத்தைப் பால் ஊற்றி வளர்த்தது என்கிறார் தாம்பரத்து மனநல மருத்துவர் ஞானஜோதி. "பயம் வந்தா வரட்டும்மா. ஓடி வராதீங்க. அங்கேயே நில்லுங்க, அது தானா இறங்கும்" என்றார்.

முதலில் தெருமுனை. பிறகு பூக்கடை. பிறகு கேட் ஓரம். மணி அடிக்கும், வேர்க்கும், உடல் உதறும், அக்கா நிற்பார். உதறல் அடங்கிய பிறகே திரும்புவார். சம்பந்தம் அண்ணன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நிற்பார், பாவம், அவர் பாடு பெரும்பாடு! கேட்டைக் கடப்பது மட்டும் இன்னும் பாக்கி.

நேற்று கேட்டேன்: "இன்னும் பயமா இருக்காக்கா?"

"கீது தம்பி. ஆனா அவ மேல ஆச அதவிடப் பெருசா கீது. அவ தலய ஒரு தபா நானே வாரி வுடணும்."

பயம் போன பிறகுதான் போவேன் என்றால் போகவே மாட்டோம்! பயத்தோடே போவோம்! பாசத்தை நோக்கிப் போவோம்!

இதோ, கேட் மணி! கேட்கிறதா? முன்வரிசையில் பட்டு அக்கா எழுந்துவிட்டாரே! வீட்டுக்கா அக்கா? இல்லையாம். கையில் சீப்பு வைத்திருக்கிறார். நல்லது, ரயில் போகட்டும், கேட் திறக்கட்டும், அதுவரை நில்லுங்கள் அக்கா.

தாய்மார்களே, வழி விடுங்கள். கேட்ட அனைவருக்கும் என் நன்றி, வணக்கம். சம்பந்தம் அண்ணே, நீங்கள் உட்காருங்கள்!