இரண்டாவது கடவுச்சொல்

ஓய்வுபெற்ற ஆண்கள் செடி வளர்ப்பார்கள். இல்லையென்றால் ரத்த அழுத்தத்தை வளர்ப்பார்கள். நான் லினக்ஸ் என்கிற கணினி இயங்குதளத்தைக் கற்றுக்கொண்டேன். யாரிடமும் கைகட்டி நிற்காமல் நாமே படித்துக்கொள்ளலாம். என் குணத்துக்கு அது ஒத்துப்போனது.

தேர்வுத் துறையில் வினாத்தாள் காப்பறை என் பொறுப்பில் இருந்தது. என் தங்கை மகன் தேர்வெழுதிய வருடம் அவள் என் காலில் விழுந்து கேட்டாள். ஒரு கேள்விகூட என் வாயிலிருந்து வரவில்லை. பையன் தோற்றான். தங்கை இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. என் மருமகள் ஏன் என்னைத் தேடி வந்தாள் என்பது உங்களுக்குப் புரிய வேண்டும்.

தன் கணினியின் வட்டு முழுவதையும் பூட்டித் தரச் சொன்னாள்.

"எதுக்கும்மா?"

"சொந்த விஷயம் மாமா. அவர் கண்ணுல படக் கூடாது."

அவர் என்றால் என் மகன். நானே லினக்ஸ் நிறுவி, வட்டை மறையாக்கம் செய்து கொடுத்தேன். கடவுச்சொல் தெரியாதவர் வட்டைக் கழற்றி எடுத்துப் போனாலும் அதில் ஒன்றையும் படிக்க முடியாது. அந்தப் பூட்டுக்குச் சாவித் துளைகள் பல உண்டு; ஒவ்வொன்றுக்கும் ஒரு கடவுச்சொல் வைக்கலாம், எது போட்டாலும் திறக்கும். முதல் துளையில் தன்னுடையதை வைத்தாள். மறந்துபோனால் மாற்று வேண்டுமே என்று இரண்டாவதை என்னை வைக்கச் சொன்னாள்.

"இந்த வீட்டுல எதையும் வயித்துக்குள்ள வெச்சுக்கத் தெரிஞ்சவர் நீங்க ஒருத்தர்தான் மாமா. உங்க மகனுக்குத் தின்ன சோறே தங்காது, ரகசியமா தங்கும்?"

சிரித்தேன். வேடிக்கையாகப் பேசுவாள்.

சில மாதம் கழித்து அவளே சொன்னாள். என் மகன் அவளை அடித்ததையெல்லாம் கைபேசியில் பதிவு செய்திருக்கிறாள். கைபேசியை அவன் துழாவுவான் என்பதால் ஒவ்வொரு தடவையும் வட்டுக்கு மாற்றிவிட்டு, கைபேசியில் அழித்துவிடுவாளாம்.

"கோர்ட்டுல போட்டுக் காட்டப் போறேன் மாமா. பாப்பாவ என்னோட கூட்டிட்டுப் போயிடுவேன். நீங்க எப்ப வேணா வந்து பாத்துக்கலாம்."

என் பேத்தியைப் பார்க்க நான் இன்னொருவர் வீட்டு வாசலில் அழைப்பு மணி அடிக்க வேண்டும். என் பெயரைச் சொல்லி, இன்னாருடைய மகன் என்று சபையில் அந்தப் பதிவு ஓட வேண்டும். வீடு என்றால் நாலும் இருக்கும். அதை வீதியில் கொட்டுவது குடும்பத்துப் பெண்ணுக்கு அழகல்ல.

ஒரு நாள் அவள் குழந்தையைப் பள்ளியிலிருந்து அழைத்துவரப் போனாள். கணினி திறந்தே இருந்தது. முதல் துளையை அழிக்கும் கட்டளையைக் கொடுத்தேன். மிஞ்சப்போகும் கடவுச்சொல்லைக் கேட்டது; என்னுடையதைக் கொடுத்தேன். கணினியை அணைத்துவிட்டு அவளுக்குத் தேநீர் போட்டு வைத்தேன்.

வட்டையே உடைத்திருக்கலாமே என்பீர்கள். உடைந்தால் உடைத்தவனைத் தேடுவார்கள். கடவுச்சொல் மறந்தால் மறந்தவளைத்தான் குறை சொல்வார்கள்.

அன்று மாலை முழுக்கத் தட்டிக்கொண்டிருந்தாள். தவறு, தவறு என்றே வந்தது. "மாமா, உங்களோடத போடுங்க" என்றாள். அவள் கண்முன்னேயே தட்டினேன், ஓர் எழுத்தை மாற்றி.

"வயசாயிடுச்சும்மா. எனக்கும் மறந்துபோச்சு போல."

"கம்ப்யூட்டருக்கே உன்னப் பிடிக்கலடி" என்றான் என் மகன். அவனுக்கு எதுவும் தெரியாது. இந்தக் காரியத்தில் அவன் நிரபராதி.

அதன் பிறகு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாலும் அவள் விரல்கள் அதே எழுத்துகளைத் தட்டிக்கொண்டிருக்கும். அடுப்பை அணைத்தேனா என்று என்னிடம் கேட்பாள். அணைத்திருப்பாள். "தெரியலையேம்மா" என்பேன். மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். நீதிமன்றத்தில் எங்கள் வக்கீல் கேட்டது ஒரே கேள்வி: "தினமும் போட்ட கடவுச்சொல்லே ஞாபகம் இல்லாதவங்களுக்கு, அடி வாங்கினது மட்டும் எப்படிம்மா ஞாபகம் இருக்கு?" அவளுக்கே சந்தேகம் வந்திருந்தது. குழந்தை எங்களோடு இருக்கிறாள்.

இன்ஸ்பெக்டர், உங்கள் நிபுணர் வட்டைச் சோதித்து, முதல் துளை காலி, இரண்டாவது மட்டும் இருக்கிறது என்று கண்டுபிடித்திருக்கிறார். கெட்டிக்காரர். மறந்தால் துளை காலியாகாது. கடவுச்சொல்லை எழுதிக் கொடுத்துவிட்டேன். நீங்கள் திறப்பதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும்.

அவள் கணினியை இங்கேயே விட்டுவிட்டுப் போன பிறகு நான் எல்லாப் பதிவுகளையும் கேட்டேன். ஒரு பதிவில் அவள், "மாமா, கதவத் தெறங்க மாமா" என்று கூப்பிடுகிறாள். என் செருப்புச் சத்தம் கதவு வரை வந்து நிற்கிறது. பிறகு கூடத்தில் டிவியின் சத்தம் கூடுகிறது. கூட்டியவன் நான்தான். அதை வைத்து என்னைத் தவறாக நினைத்துவிடக் கூடாது. குழந்தை காதில் விழக் கூடாதே என்றுதான் கூட்டினேன். அதே பதிவில், அந்த அறைக்குள்ளிருந்து குழந்தை அழுவதுபோல் கேட்கும். அது ஏதோ பதிவுக் கோளாறு.