மலையை மறந்த கல்லுடைப்பவன்

மிமோசா: அய்யோ... கப்பல் கால்வாய் எந்த ஊருங்கிற கேள்வியையும் விட்டுட்டியா? கொரிந்த்துய்யா, கொரிந்த்! பஸ்ஸுல போகையில பாலத்துலேருந்து எட்டிப் பார்த்துட்டு என் கையைப் பிடிச்சது யாரு?

பெட்ரிட்: கண்ணை மூடிக்கிட்டேனே. எங்கே பார்த்தேன்?

மிமோசா: ஞாயித்துக்கிழமை குடியுரிமைப் பரீட்சையிலயும் மூடிக்கோ. இன்னும் மூணே நாள். கிரீஸ்ல இருபத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியாச்சு. இதுல தேறலன்னா இன்னமும் நாம வெளியூர் அல்பேனியாக்காரங்கதான்.

பெட்ரிட்: சரி சரி, அடுத்தது கேளு. மாவைப் பார்த்துத் தேய், கீரை வச்சு மடிக்கையில பைரெக் அடை கிழியப்போவுது.

மிமோசா: மாவையும் கீரையையும் நான் பார்த்துக்கறேன். நிழலை அளந்தே பூமி எவ்வளவு பெருசுன்னு சொன்னது யாரு?

பெட்ரிட்: ஆர்க்கிமிடீஸ்.

மிமோசா: அவரு குளிக்கிற தொட்டிய்யா! இது எரடோஸ்தனீஸ். நேத்தும் இதையேதான் சொன்னே.

பெட்ரிட்: நேத்து பித்தாகரஸ்னு சொன்னேன்.

மிமோசா: பெருமை வேற... ஏதன்ஸுக்கு முன்னால தலைநகரம் எது?

பெட்ரிட்: சலோனிக்கா?

மிமோசா: நாஃப்ப்ளியோ!

பெட்ரிட்: போன வருஷம் நீயும்தானே எழுதப் போனே...

மிமோசா: அந்தப் பேச்சை எடுக்காதே. எழுத்தெல்லாம் எறும்பா ஓடுச்சு. வெறுந்தாளைக் குடுத்துட்டு வந்தேன். ஜென்மத்துக்கும் அந்தப் பக்கம் போகமாட்டேன். உனக்காவது கிடைக்கட்டும்.

பெட்ரிட்: அடுத்ததைக் கேளு.

மிமோசா: சரி, லேசா ஒண்ணு. பார்த்தினான் கோயிலுக்குச் சலவைக்கல் எந்த மலையிலேருந்து வந்துச்சு?

பெட்ரிட்: அது... ஒலிம்பஸ்.

மிமோசா: என்னது?

பெட்ரிட்: ஒலிம்பஸ்தானே...

மிமோசா: யோவ்! பதினோரு வருஷம் நீ கல்லுடைச்ச மலைய்யா அது! பெந்தெலி! ராத்திரி இருமினா இன்னமும் அந்தத் தூசிதான் வருது. அதோட பேரு மறந்துபோச்சா உனக்கு?

பெட்ரிட்: வயசாச்சுல்ல...

மிமோசா: என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு.

பெட்ரிட்: அது கிடக்கட்டும். புத்தகம் எங்கே?

மிமோசா: மேசைக்கால் ஆடுச்சு, அடியில முட்டுக் குடுத்திருக்கேன்.

பெட்ரிட்: எப்போ?

மிமோசா: ஒரு... பத்து நாளிருக்கும்.

பெட்ரிட்: அப்போ பத்து நாளா கேள்வியும் நீயே, பதிலும் நீயே. ஒரு தடவைகூட தப்பல.

மிமோசா: அதுக்கென்ன இப்போ?

பெட்ரிட்: கோவிச்சுக்காதே. தெரிஞ்சேதான் தப்பாச் சொன்னேன், நான் பரீட்சைக்குப் பேரே குடுக்கல. மின்சாரக் கட்டணத் தாளுன்னு சொல்லி உன்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கினேன்ல... ஞாயித்துக்கிழமை எழுதப்போறது நீதான், மிமோசா.

மிமோசா: தெரியும்யா. என் பேரு போட்ட பரீட்சைச் சீட்டை உன் கோட்டுப் பையிலயே பார்த்துட்டேன், போன மாசமே. அங்கே உக்காந்ததும் மறுபடி எழுத்தெல்லாம் எறும்பா ஓடும். அப்போ நினைச்சுச் சிரிக்க உன் தப்பான பதில் நிறைய வேணும்ல... அதான் விடாம கேட்டுட்டிருந்தேன்.