காற்றைப் பார்த்துப் பாடவேளை வகுத்த பேராசிரியர் உமா மகேஸ்வரி அவர்களுக்கு

பாடத்தைப் பரிவோடும் பரிவைப் பாடத்தோடும் கலந்து தந்த பண்பாளரே, வகுப்பறைச் சுவருக்கு வெளியேயும் வகுப்பு உண்டு என்று நம்பி நடந்தவரே, எங்கள் துறையின் மூத்த சகோதரியே, வணக்கம்.

பணி நிறைவு நாளில் பாராட்ட வந்த இடத்தில் முதலில் ஓர் ஐயத்தைச் சொல்லிவிட வேண்டியிருக்கிறது. நாங்கள் சொல்லப்போகும் நிகழ்ச்சியைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறோமா என்று எங்களுக்கே உறுதியில்லை. அது ஆடியில் நடந்தது என்று எங்களில் மன்சூர் சாதிக்கிறார். ஆவணி பிறந்துவிட்டது என்கிறார் ஸ்ரீமதி. தாங்கள் அன்று பேருந்தில் போனீர்கள் என்று சிலர் சொல்கிறோம், ஆட்டோவில் என்று சிலர். தங்களையே கேட்டிருக்கலாம். ஆனால் அந்தப் பேச்சை எடுத்தாலே தாங்கள் சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வீர்கள். ஆகவே அன்று மாணவியாயிருந்த முத்துவடிவு எங்களிடம் சொன்னதையும் நாங்கள் கண்டதையும் சேர்த்து எழுதுகிறோம். பிழை இருந்தால் பொறுத்தருள்க.

பட்டப்படிப்பையும் சம்பளத்தோடு கூடிய பயிற்சியையும் ஒன்றாக இணைத்து, வாரத்தில் பாதி நாள் கல்லூரியிலும் பாதி நாள் காற்றாலையிலும் மாணவர்கள் பயில்வதென்று நம் கல்லூரி முடிவு செய்தபோது, அதை விரும்பியவர்கள் குறைவு. படிக்கிற பிள்ளை கையில் சம்பளம் கண்டால் புத்தகத்தைத் தொடாது என்று எங்களில் சிலரே பேசினோம். தாங்கள் ஒருவர்தாம் அந்தப் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டீர்கள்.

பொறுப்பு வந்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது. செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று இறங்கும் மாதங்களில் ஓடுகிற காற்றாடியை எவரும் நிறுத்த மாட்டார்கள். பழுது பார்க்க உச்சிக்கு ஏறுவதெல்லாம் காற்று படுத்த பிறகுதான். காற்று எப்போது படுக்கும் என்று பல்கலைக்கழக அட்டவணைக்குத் தெரியாது. வகுப்பின் நடுவில் கைபேசி ஒலிக்கும், மாணவர்கள் எழுந்து ஓடுவார்கள், ஆசிரியர் பாதிச் சமன்பாட்டோடு நிற்பார். நாங்கள் கோபப்பட்டோம். தாங்கள் ஒரு வழி கண்டீர்கள்: காற்று அடித்தால் வகுப்பு, காற்று படுத்தால் வேலை. விடிந்ததும் குற்றாலம் ஐந்தருவிச் சாலையிலுள்ள தங்கள் வீட்டு மாடியில் நின்று வானத்தைப் பார்த்து, அன்றைக்கு எது என்று மாணவர்கள் எல்லாருக்கும் செய்தி அனுப்புவீர்கள். அனுப்பிவிட்டால் அதற்குப் பிறகு மாற்றமில்லை. வகுப்பு என்றால் கைபேசிகள் அணைக்கப்பட்டுத் தங்கள் மேசைக்கு வந்துவிட வேண்டும். முதல் ஆண்டு முழுவதும் அந்த ஏற்பாடு வழுவாமல் நடந்தது.

இனி முத்துவடிவின் கதை.

ராயகிரியில் விவசாயம் பார்க்கும் சுடலைக்கண்ணுவின் மகள் அவள். பயிற்சி தந்த காற்றாலை நிறுவனம் உச்சிக்கு ஏற்றிவிட்ட முதல் பெண். காற்றாடியின் தலையில் நின்று அவள் எடுத்து அனுப்பிய படத்தைத் தேநீர்க் கடையில் எல்லாருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தார் அவள் அப்பா. யாராவது தலைப்பாகையைச் சரிசெய்தபடி, “பொம்பளைப் பிள்ளையை இம்புட்டு உசரத்துல ஏத்தலாமா அண்ணாச்சி?” என்று கேட்டால், “கீழ இருந்து கேக்குத உமக்குத்தாம்வே தலை சுத்துது” என்பாராம்.

அன்று காலை தங்கள் செய்தி வந்தது: இன்று வகுப்பு. குற்றாலத்தில் சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. முத்துவடிவு ராயகிரியிலிருந்து பேருந்தில் வந்துகொண்டிருந்தாள். கடையநல்லூர் தாண்டியதும் சன்னலுக்கு வெளியே பார்த்தாள். வயல்களுக்கு நடுவே காற்றாடிகள் அசையாமல் நின்றன. அவள் கைபேசியை எடுத்தாள். செய்தியை இன்னொரு முறை படித்தாள். பிறகு பைக்குள் வைத்துவிட்டாள். ஒன்பது மணிக்குத் தங்கள் முன் உட்கார்ந்தாள்.

அன்று சுரண்டைப் பக்கத்து ஆலையில், பழுதாகி நின்றிருந்த ஒரு காற்றாடியில் ஏற வேண்டியது அவள் முறை. துணையில்லாமல் ஒருவர் ஏறக் கூடாது என்பது விதி. மற்ற இடங்களை நிரந்தரப் பணியாளர்கள் சமாளித்துவிட்டார்கள். அவள் இடத்துக்கு மட்டும் ஆள் இல்லை. அய்யாத்துரை என்ற பணியாளர் இடுப்பில் பாதுகாப்புக் கச்சை கட்டியபடி அடியில் நின்று அவளை அழைத்துக்கொண்டே இருந்தார். அவள் கைபேசி தங்கள் மேசைமேல் அணைந்து கிடந்தது. மதியத்துக்குள் காற்று எழுந்துவிட்டது. பின்னர் பல நாள் படுக்கவில்லை. சீசன் உச்சத்தில் அந்தக் காற்றாடி மட்டும் சும்மா நின்றது. ஆலைப் பொறுப்பாளர் நல்லதம்பி முத்துவடிவை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஒரே நிறுவனத்தில் பயிற்சியை முடித்தால்தான் பட்டம். நடுவில் அறுந்தால் அடுத்த ஆண்டு புதிதாகத் தொடங்க வேண்டும். அதைவிட அவளை அழுத்தியது வேறு. பெண்பிள்ளைகளை எடுத்தால் இப்படித்தான் என்று அந்த நிறுவனம் நினைத்துவிட்டால், அவளுக்குப் பின்னால் வரும் எவளுக்கும் அந்த ஏணி இல்லை.

அவள் யாரிடமும் காரணம் சொல்லவில்லை. பேருந்து தவறிவிட்டது என்று ஆலையில் ஒரு பொய்யைச் சொல்லி வைத்தாள். தோழி ஹஸீபாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

“ஏட்டி, மேடம்தானே கிளாஸ்னு சொன்னாவ? வாயைத் தொறந்து சொன்னா என்ன, முத்தா உதிந்துரும்?”

“சொன்னா காலேசுல இந்த ஏற்பாட்டையே நிறுத்திருவாவ. நான் ஒருத்தி போனாப் போறேன்.”

ஹஸீபா அன்று மாலையே தங்களிடம் வந்துவிட்டாள்.

மறுநாள் தாங்கள் விடுப்பெடுத்துக்கொண்டு முத்துவடிவையும் ஆலைக்கு அழைத்துப் போனீர்கள். வழியெல்லாம் தாங்கள் சாலையையே பார்த்துக்கொண்டு வந்தீர்கள். தன்மேல்தான் கோபம் என்று அவள் நினைத்தாள். காற்று ஆளைத் தள்ளுகிற வெயிலில், கையில் மடக்கிய குடையோடு நல்லதம்பியின் அறை வாசலில் நின்று, உட்காரச் சொன்னபோதும் உட்காராமல் சொன்னீர்கள்: “அன்னைக்கு இவளை வகுப்புல உக்கார வச்சது நான். எங்க வீட்டு வாசல்ல சாரல் விழுந்துச்சு. இங்கயும் காத்து இருக்கும்னு நெனச்சுட்டேன். இவ மேல தப்பு இல்ல.”

நல்லதம்பி குடையைப் பார்த்தார். “குத்தாலத்துல தண்ணி விழுதுன்னு சுரண்டையில குடை பிடிப்பீங்களா மேடம்?” என்றார்.

முத்துவடிவுக்குத்தான் அது தாங்கவில்லை.

“மேடத்தை ஒண்ணும் சொல்லாதீங்க சார். நான் காலையிலயே பாத்தேன். பஸ்ல வரும்போதே காத்தாடி எல்லாம் நின்னுச்சு.”

தாங்கள் அவள் பக்கம் திரும்பினீர்கள். “பின்ன ஏம்மா சொல்லல?”

“நீங்க வகுப்புன்னு சொல்லிட்டீங்கல்ல மேடம்.”

தாங்கள் அப்போதுதான் உட்கார்ந்தீர்கள். திட்டுவீர்கள் என்று அவள் காத்திருந்தாள். தாங்களோ அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, “நான் என்ன சொன்னாலும், நீ பாத்ததை இனிமே சொல்லணும்” என்று மட்டும் சொன்னீர்கள்.

நல்லதம்பி தொண்டையைச் செருமினார். கல்லூரியின் பிழை என்று கல்லூரியே எழுதித் தந்தால் மேலிடத்தில் பேசிப் பார்ப்பதாகச் சொன்னார். “ஆனா ஒண்ணு மேடம். இனி காத்தைப் பத்தி நாங்களும் பிள்ளைகளும் சொல்லுதோம். பாடத்தைப் பத்தி நீங்க சொல்லுங்க.”

கல்லூரி தன் பெயரில் பிழையை எழுதத் தயங்கியது. தாங்கள் தங்கள் பெயரில் எழுதினீர்கள். அவ்வாண்டு வந்திருக்க வேண்டிய துறைத் தலைமை தங்களுக்கு வரவில்லை, பின்பும் வரவில்லை. அதைப் பற்றித் தாங்கள் குறைபட்டு நாங்கள் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எங்களுக்கு ஆறுதலாகக்கூட இருந்திருக்கும். இது நியாயமல்ல என்று சொல்ல அன்று எங்களில் எவரும் முதல்வர் அறைக்குப் போகவில்லை. இன்று பொன்னாடையோடு வந்து நிற்கிறோம்.

அம்மையீர்! தங்கள் புலமையை, நேரம் தவறாமையை, கணக்கில் பின்தங்கியவர்களுக்கு மாலையில் தனியே சொல்லித்தந்த பொறுமையை எல்லாம் அடுக்கிப் பாராட்ட இந்தக் கண்ணாடிச் சட்டத்துக்குள் இடம் போதாது. அவை பிற நல்லாசிரியர்களிடமும் உண்டு. ஒரு மாணவி கண்ணால் கண்டதைவிடத் தன் சொல்லை நம்பிவிட்டாளே என்று வருந்திய ஆசிரியரை நாங்கள் தங்களிடம் மட்டுமே கண்டோம். அந்த வாரத்துக்குப் பிறகு காலையில் முதல் செய்தி மாணவர்களுடையதாயிற்று. பேருந்தில் வருகிறவர்கள் கண்டதை எழுதுவார்கள். அதைப் படித்த பிறகே தாங்கள் எழுதுவீர்கள். எங்கள் வகுப்புகளிலும் பிள்ளைகள் மெல்லக் குறுக்கே பேசத் தொடங்கினார்கள். முதலில் எரிச்சலாயிருந்தது. இப்போது அவர்கள் பேசாத நாளில் எங்களுக்கு என்னவோ போலிருக்கிறது.

கண்ணும் காலும் தளராமல், விரும்பிய நூல்களை விரும்பிய நேரத்தில் படித்து, மூட்டுவலி மறந்து முதுமை இனித்து, பேச விரும்பும்போது பேச எங்களில் ஒருவரேனும் அருகிலிருக்கத் தாங்கள் நெடுங்காலம் நலமோடு வாழ வேண்டும் என்று காசி விசுவநாதரையும், எங்களில் ஒவ்வொருவரும் தொழும் இறைவனையும் வேண்டுகிறோம்.

முத்துவடிவு மறு வாரமே மீண்டும் ஏறினாள், பட்டம் பெற்றாள், அதே ஆலையில் இன்று பராமரிப்புப் பொறியாளர். அவளுக்குப் பின் ஆண்டுதோறும் பெண்கள் ஏறுகிறார்கள். ஹஸீபா திருமணமாகிச் சார்ஜாவில் சூரியமின் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். நல்லதம்பி மாற்றலாகி ஆரல்வாய்மொழிப் பக்கம் போய்விட்டார். அய்யாத்துரை முழங்கால் தேய்ந்து இப்போது கீழே சேமிப்பறையில் இருக்கிறார். சுடலைக்கண்ணு ராயகிரியில் நெல் போடுகிறார். நாங்கள் இதே துறையில் இருக்கிறோம். தாங்கள் இன்று மாலை வீட்டுக்குப் போகிறீர்கள்.

பிரிய மனமின்றி,
துறை ஆசிரியர்களும் அலுவலகத் தோழர்களும்,
தென்காசி.