நாலரை மணித் தண்ணீர்

அயிரை மீனை உயிரோடு பாலில் விட்டால் வயிற்றில் இருக்கும் மண்ணையெல்லாம் கக்கிவிடும். எங்கள் பக்கம் அப்படித்தான் சுத்தம் செய்வார்கள். குழம்பு கொதித்தால் தெருவே மணக்கும். நான் அயிரை தின்பதை விட்டு ஒன்பது வருஷம் ஆகிறது அய்யா. தினமும் அது சாவதைப் பார்க்கிறவனுக்குத் தின்ன மனசு வராது.

என் வேலை சின்ன வேலை. ஊருக்கு மேற்கே நாலு கிலோமீட்டரில், வைகைத் தடுப்பணையை ஒட்டி ஒரு தனியார் மின்நிலையம் இருக்கிறது. தண்ணீரைத் திறக்கும் முன் எனக்குப் போன் செய்வார்கள். திறந்தால் அரை மணியில் எங்களிடம் வந்துவிடும். அதற்குள் நான் கரையில் சைரனை ஊதுவேன். துவைக்கிறவர்கள், ஆடு மேய்க்கிறவர்கள் எல்லாம் மேலேறிவிடுவார்கள். ஒன்பது வருஷத்தில் ஓர் ஆட்டுக்குட்டிகூட என் பொறுப்பில் போனதில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கரண்டுக்குக் கிராக்கி ஏறும்போது திறப்பார்கள், இறங்கினால் மூடுவார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு ஆறு நிறைந்து ஓடும். காலையில் பார்த்தால் வெறும் மணல். மீனுக்கு இதெல்லாம் தெரியுமா? புதுத்தண்ணீர் வந்துவிட்டதென்று நம்பிக் கரையோரக் கோரையில் முட்டையிடும். தண்ணீர் வடிந்ததும் முட்டை அத்தனையும் வெயிலில் காய்ந்து ஒட்டிக் கிடக்கும். குஞ்சுகள் மணல் அள்ளிய குழிகளில் மாட்டிக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடும். பாம்பன் பக்கம் மீன் செத்து ஒதுங்கினால் டிவிக்காரர்கள் வருவார்கள். ஆற்று மீனுக்கு யார் வருவார்?

தண்ணீரை ஒரே சீராக விடச் சொல்லி மனு எழுதி எழுதிக் கை சலித்துவிட்டது. கடைசியில் ஓர் அதிகாரி சிரித்துக்கொண்டே, "மீன் செத்துச்சுன்னு எவன்யா ஃபைலைத் தூக்குவான்? மனுசன் செத்தா வந்து சொல்லு" என்றார். அவர் கெட்டவர் இல்லை. உள்ளதைச் சொன்னார்.

யுவராணி டீச்சர் அதற்கப்புறம் வந்தவர். கடலாடிக்காரர், கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுப்பவர். இரண்டு வருஷமாக வாரம் தவறாமல் வந்து, குழியில் மாட்டிய குஞ்சுகளை எண்ணி, வாளியில் அள்ளி, ஆழமான மடுவில் கொண்டுபோய் விடுவார். நானும் கூட நின்று அள்ளுவேன். அவரும் அதையே கேட்டு ஒரு மனு போட்டிருந்தார். அந்தக் கரையில் என் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்ட ஒரே ஆள் அவர்தான். எனக்கு அவர்மேல் உண்மையிலேயே பிரியம்.

கண்மாய் வற்றும்போது மீன்பிடிக்க ஊரே கரையில் நிற்கும். ஊர்ப்பெரியவர் வெள்ளைத் துண்டை வீசிய பிறகுதான் இறங்கலாம். அந்தப் பழக்கத்தை நான் ஆற்றுக்கும் கொண்டுவந்தேன். இப்போதைக்குத் தண்ணீர் வராது என்று உறுதியானால் துண்டை வீசுவேன். "வசந்தண்ணே, நீங்க துண்டு வீசாம நான் கால வைக்க மாட்டேன்" என்பார் டீச்சர்.

போன வியாழக்கிழமை நாலு மணிக்குப் போன் வந்தது. வெக்கை அதிகம், கரண்டு போதவில்லை, ஆறு மணித் தண்ணீரை இப்போதே விடுகிறோம் என்றார்கள். சரி என்றேன். ஆற்றில் இருளம்மாள் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட்டு ஆடுகளைத் தோப்புப் பக்கம் ஓட்டிப்போகச் சொன்னேன். அவளுக்கு மூன்று பெண்பிள்ளைகள். டீச்சர் அப்போதுதான் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு வாளியோடு வந்தார். அவருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

ஆத்திரத்தில் செய்ததாக எழுதிவிடாதீர்கள். நிதானமாகத்தான் யோசித்தேன். குடித்துவிட்டு விழுந்தவன் செத்தால் பேப்பரில் நாலு வரி. படித்தவர், அதுவும் மீனுக்காகவே இறங்கியவர் செத்தால் ஃபைல் நகரும். துண்டை வீசினேன்.

குழி ஓர் ஆள் ஆழம். உள்ளே இறங்கிய டீச்சர், "அண்ணே, இங்கன எம்புட்டுக் குஞ்சு கெடக்கு பாருங்க. அள்ளிட்டு வாரேன், ஒங்களுக்கு ஒரு நல்ல சேதி இருக்கு" என்றார். என்ன சேதி என்று நான் கேட்கவில்லை. தண்ணீர் நாலரைக்கு வந்தது. மணல் சுவர் சரிந்ததும் நிமிர்ந்து என்னைத்தான் பார்த்தார். அதற்குப் பிறகு சைரனை ஊதினேன். ஊதாமல் விட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது.

இப்போது நீங்கள் இந்த உத்தரவைக் காட்டுகிறீர்கள். இனிமேல் தண்ணீரை ஏற்றி இறக்காமல் ஒரே சீராக விட வேண்டும் என்று போட்டிருக்கிறது. டீச்சர் பெயரும் இருக்கிறது. பார்த்தீர்களா, மனுஷர் போனதும் நகர்ந்துவிட்டது. இதிலுள்ள கையெழுத்து புதன்கிழமையே போட்டது, மறுநாள் அதைச் சொல்லத்தான் அவர் என்னிடம் வந்தார் என்கிறீர்கள். அப்படி இருக்காது அய்யா. ஆபீஸில் தேதியை மாற்றிப் போட்டிருப்பார்கள்.